கேட்கக் கூச்சப்படாதே, மகளே!



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரவு பத்து மணியிருக்கும். கைத்தொலைபேசி ஒலித்தது. எடுத்தால் மறுபக்கத்தில் அழுகைச் சத்தம் மட்டுந்தான் கேட்டது. யாரென்று விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. நான் படிப்பித்த பிள்ளை. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்து, பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவான பிள்ளை. மூன்று வாரத்துக்கு முன்புதான் லயத்துச் சனம் முழுவதும் பஸ் நிற்கும் சந்தி வரை வந்து அவளை வழியனுப்பி வைத்திருந்தது.

"எனக்கு ஒண்ணுமே வெளங்கல டீச்சர். எல்லாம் இங்கிலீசுலதான் நடத்துறாங்க. பக்கத்துல இருக்கிற புள்ளைங்க எல்லாம் மடமடன்னு எழுதுறாங்க. நீ கோட்டாவுல வந்தவதானேன்னு ஒரு புள்ள கேட்டுருச்சு. நான் வீட்டுக்கு வந்துர்றேன். அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க டீச்சர்."

உடனே அவளுக்குப் புத்தி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால், 1995ஆம் ஆண்டில் இதே கண்ணீரோடு நானும் ஒரு விடுதிக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கதையைத்தான் அன்றிரவு அவளுக்குச் சொன்னேன். இந்த மாதம் உங்களுக்கும் சொல்கிறேன். பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பிய தாய்மாரும், அனுப்பக் காத்திருக்கும் தாய்மாரும் இதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

தெரிந்த பாடம், தெரியாத சொல்

முதல் வாரத்தில் ஒரு விரிவுரை. விரிவுரையாளர் "ஒஸ்மோசிஸ்" என்று ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லிப் படிப்பித்தார். முக்கால் மணி நேரம் விழித்துக்கொண்டிருந்தேன். இது நான் படிக்காத ஏதோ பெரிய விடயம், நகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரிந்தது என்று நினைத்தேன். மாலையில் நூலகத்துக்குப் போய் அகராதியைப் புரட்டினால், அது நம்முடைய "பிரசாரணம்"! உருளைக்கிழங்குத் துண்டை உப்புத் தண்ணீரில் போட்டு, படம் கீறி, உயர்தரத்தில் முழுப் புள்ளி வாங்கிய அதே பாடம்.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பாடம் எனக்குத் தெரியும். அதன் ஆங்கிலப் பெயர்தான் தெரியாது. பக்கத்தில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும். ஆனால் கேட்கவில்லை. கேட்டால் தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடும் என்ற பயம்.

அன்றிலிருந்து ஒரு கொப்பியை இரண்டாகக் கோடிட்டேன். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ச் சொல். ஒரு நாளைக்குப் பத்துச் சொல். முதலாம் தவணை முடியும்போது அந்தக் கொப்பிதான் எனக்குப் பெரிய புத்தகம். இன்றும் என் மாணவிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். உயர்தரத் தமிழ்ப் பாடநூல்களை வீட்டில் வீசிவிட்டுப் போகாதீர்கள். அவற்றை விடுதிக்குக் கொண்டு போங்கள். முதலாம் வருடத்தில் வரும் அடிப்படைப் பாடங்கள் பல அவற்றில் இருக்கின்றன.

பூட்டிய வாயால் போன தோடு

அந்தப் பயம் எனக்கு இன்னொரு பெரிய நட்டத்தையும் தந்தது. பேர்சரி உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கும் அறிவித்தலை ஒரு பலகையில் ஒட்டியிருந்தார்கள். அது சிங்களத்தில் மட்டும் இருந்தது. எனக்கு அப்போது சிங்களம் வாசிக்க வராது. தினமும் அந்தப் பலகையைக் கடந்து போனேன். யாரிடமும் கேட்கவில்லை. முடிவு திகதி போன பிறகுதான் விடயம் தெரிந்தது.

அந்த வருடச் செலவுக்கு அம்மா தன் காதுத் தோட்டை அடகு வைத்தார். கொழுந்து எடுத்து, மாதம் இத்தனை பேர் என்று எண்ணிச் சம்பளம் வாங்கியவர். அவர் படித்தது தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு வரை. அதற்கு மேல் அங்கே வகுப்பு இருக்கவில்லை. நான் பட்டம் பெற்ற பிறகும் அந்தத் தோடு மீளவில்லை. அறிவித்தலைத் தமிழில் போடாதது அவர்கள் பிழை. ஆனால் "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்காதது என் பிழை. முதலாவதை நான் ஒரு நாளில் மாற்றியிருக்க முடியாது. இரண்டாவதை ஒரு நிமிடத்தில் மாற்றியிருக்கலாம்.

கோட்டா என்றால் தாழ்வா?

அந்தப் பிள்ளையை மிகவும் நோகச் செய்தது அந்த ஒரு வார்த்தைதான். ஆகவே இதை எல்லோரும் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் போன்ற பல துறைகளுக்கு இடங்கள் மூன்றாகப் பங்கிடப்படுகின்றன. நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 இடங்கள் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி. மிகுதி 5 இடங்கள் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் அடங்கும்.

இதில் கவனியுங்கள். 55 இடங்களில் கொழும்புக்கும் பங்குண்டு, கண்டிக்கும் பங்குண்டு. மாவட்டப் பங்கில் உள்ளே போனவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். எல்லோரும் எழுதியது ஒரே பரீட்சை. ஆய்வுகூடமும் ஆசிரியரும் போதாத பாடசாலையிலிருந்து அந்தப் பரீட்சையை எழுதியவள் எந்த வகையில் குறைந்தவள்? உள்ளே போன பிறகு எந்த விடைத்தாளிலும் மாவட்டத்தின் பெயர் இருப்பதில்லை.

முதலாம் வருடம் விளையாட்டு அல்ல

"முதல் வருசம் சும்மா இருக்கலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று மூத்த மாணவர்கள் சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். பல பீடங்களில் சிறப்புப் பட்டத்துக்கு யாரைத் தெரிவு செய்வது என்பதை முதல் வருடங்களின் பெறுபேறே முடிவு செய்கிறது. பின்வரும் விடயங்களை முதல் மாதத்திலேயே செய்துவிடுங்கள்.

1. பீடத்தின் மாணவர் கைநூலை முழுவதும் வாசியுங்கள். எந்தப் பாடம் கட்டாயம், எத்தனை திறமைப் புள்ளி, பரீட்சைக்கு எவ்வளவு, இடைக்கணிப்புக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் உண்டு. விளங்காத வரிகளுக்குக் கீழே கோடிட்டு, மாணவ ஆலோசகரிடம் கொண்டு போங்கள். ஒவ்வொரு பீடத்திலும் மாணவ ஆலோசகர்களாக விரிவுரையாளர்களை நியமித்திருக்கிறார்கள். கேள்விக்குப் பதில் சொல்வது அவர்களுடைய கடமை.

2. வரவை விடாதீர்கள். பெரும்பாலான பீடங்களில் நூற்றுக்கு 80 வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். வீட்டு ஞாபகம் வந்து வாராவாரம் திங்கட்கிழமையை விடும் பிள்ளை, தவணை முடிவில் மாட்டிக்கொள்வாள். சுகமில்லாவிட்டால் மருத்துவச் சான்றிதழை உரிய நாளுக்குள் கொடுங்கள்.

3. ஆங்கில வகுப்பைத் தவிர்க்காதீர்கள். பல்கலைக்கழகங்களில் ஆங்கில மொழி கற்பித்தல் அலகு இருக்கிறது. அங்கே சொல்லிக் கொடுப்பதற்குத் தனியாகப் பணம் இல்லை. வெளியே இதற்கே ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள்.

4. நூலகத்தில் முதல் வாரமே அங்கத்தவராகுங்கள். பேராதனைப் பல்கலைக்கழக நூலகம் நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதியைப் பெறச் சட்டப்படி உரிமை பெற்ற நூலகங்களில் ஒன்று. எந்த நூலகமானாலும் முந்தைய வருட வினாத்தாள்கள் எங்கே இருக்கின்றன என்று நூலகரிடம் கேளுங்கள். கலைப்பீடப் பிள்ளைகளுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் தளம் பெரிய உதவி. மலையகம் பற்றிய பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் அதில் இலவசமாக வாசிக்கலாம்.

5. தனியாகப் படிக்காதீர்கள். மூன்று நான்கு பேராகச் சேருங்கள். அதில் ஒரு சிங்களப் பிள்ளையும் இருந்தால் நல்லது. அவளுக்கு நீங்கள் ஒரு பாடம் சொல்லிக் கொடுங்கள், அவள் உங்களுக்கு அறிவித்தல் பலகையை வாசித்துக் காட்டுவாள். நான் சிங்களம் படித்தது அப்படித்தான்.

பணமும் பத்திரங்களும்

தாய்மாரே, இது உங்களுக்கு. 1981இல் தொடங்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5000 ரூபாவாக இருந்து 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 7500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பேர்சரி 4000 ரூபாவிலிருந்து 6500 ரூபாவானது. மகாபொல கிடைக்காத பிள்ளை பேர்சரியைப் பற்றி உடனே விசாரிக்க வேண்டும். எதுவானாலும் முதல் பணம் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்களுக்கு இப்போதே சிறிது சிறிதாகச் சேமியுங்கள். அதற்காக வாசலுக்கு வரும் நுண்கடன்காரரிடம் கையெழுத்து வைக்காதீர்கள். வாரத் தவணையில் சிக்கித் தவிக்கும் சகோதரிகளை நாம் எல்லா லயத்திலும் பார்க்கிறோம்.

பத்திரங்களில் நம் பகுதியில் பெரிய தொல்லை பெயர்ப் பிழை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் இன்னொரு பெயர். உயர்தரம் எழுதும் முன்பே மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிழை இருந்தால் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகப் பதிவாளரிடமும் போங்கள். வருமானச் சான்றுக்கு அம்மா, அப்பாவின் சம்பளச் சிட்டைகளைப் பத்திரமாக வையுங்கள். அடுப்பு மூட்டப் பயன்படுத்திவிடாதீர்கள்! எல்லாப் பத்திரத்திலும் மூன்று பிரதிகள் எடுத்து ஒரு பையில் போட்டுக் கொடுங்கள்.

துன்புறுத்தல் வந்தால்

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பகிடிவதை பழக்கம் அல்ல, குற்றம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை செய்தவருக்கு இரண்டு வருடம் வரையும், அதனால் கடுங்காயம் ஏற்பட்டால் பத்து வருடம் வரையும் சிறைத்தண்டனை உண்டு. விடுதிப் பொறுப்பாளரிடமும் மாணவ ஆலோசகரிடமும் முறையிடலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளம் மூலமும் முறையிடலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938. மனம் தாங்காமல் போனால் 1926க்கு அழைத்து தேசிய மனநல நிறுவகத்தின் ஆலோசனையைப் பெறலாம். இவ்விலக்கங்களைப் பிள்ளையின் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.

பிள்ளை அழுது பேசினால், "அப்படின்னா வந்துரும்மா" என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். "பொறுத்துக்கோ" என்று வாயை அடைக்கவும் வேண்டாம். "யார்கிட்ட கேட்ட? யார்கிட்ட சொன்ன?" என்று கேளுங்கள். துன்புறுத்தல் என்றால் அன்றைக்கே புறப்பட்டுப் போங்கள். பாடம் விளங்கவில்லை என்றால், கேட்கத் தைரியம் கொடுங்கள்.

அன்றிரவு அந்தப் பிள்ளையிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "வீட்டுக்கு வர்றதுன்னா வா. ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை, விளங்காத ஒண்ண விரிவுரையாளர்கிட்ட போய்க் கேட்டுட்டு வா."

பத்து நாட்கள் அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. போன வியாழக்கிழமை பின்னேரம் அழைத்தாள்.

"டீச்சர், மொத டெஸ்ட்ல நான் ஃபெயில்."

எனக்கு நெஞ்சு திக்கென்றது.

"ஆனா சேர்கிட்ட போய்க் கேட்டேன் டீச்சர். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். அவருக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் படம் கீறிக் காட்டினாரு. எங்க பாடந்தான் டீச்சர் அது! பேருதான் வேற. அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்காரு."

வீட்டுக்கு வருவதைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பேசி முடிக்கும்போது மட்டும், "டீச்சர், எங்க வீட்ல என்னோட பழைய பயோலொஜி புத்தகம் மூணும் மேல் தட்டுல இருக்கு. அம்மாகிட்ட சொல்லி யார்கிட்டயாவது குடுத்துவிடச் சொல்லுங்க" என்றாள்.

அவளுடைய அம்மாவைக் கொழுந்து மடுவத்தடியில் கண்டு விடயத்தைச் சொன்னேன். "எந்தப் புத்தகம்னு எனக்கு எப்புடித் தெரியும் டீச்சரம்மா?" என்று கேட்டார். சிறிதும் கூச்சமில்லாமல் கேட்டார். இருவருமாக லயத்துக்குப் போய், தட்டிலிருந்து இறக்கி, தூசி தட்டிக் கட்டினோம்.

உங்கள் வீட்டிலும் அப்படிப் பழைய புத்தகங்கள் இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.