சார்னாக்கின் மனைவி சிதையிலிருந்து மீட்கப்பட்டவரா?

பங்காருபேட்டைக்கு முன்பிருந்த பெயர் பவுரிங்பேட்டை. மைசூரை நிர்வகித்த ஆங்கிலேயக் கமிஷனர் பவுரிங்கின் பெயர் அது. பக்கத்திலேயே ராபர்ட்சன்பேட்டை. தங்கவயல் வட்டாரத்தில் துரைமார் பெயர்கள் ஊர்ப் பெயர்களாக நிலைத்தன. அவர்கள் வீட்டுப் பெண்களை நினைப்பாரில்லை. வரலாறு விட்ட இடத்தில் கதை புகுந்துவிடும். 1690இல் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக் குடியேற்றத்தைத் தொடங்கிய ஜாப் சார்னாக்கின் மனைவிக்கு நேர்ந்தது அதுதான்.

பாட்னாவில் உடன்கட்டை ஏறவிருந்த பிராமண விதவை அவர்; சார்னாக் காவலர்களை அனுப்பிச் சிதையருகிலிருந்து மீட்டார்; மரியா என்ற பெயரோடு அவர் மனைவியாக வாழ்ந்தார்; அவர் இறந்தபின் சார்னாக் இந்து வழக்கத்துக்கு மாறி, ஆண்டுதோறும் சமாதியில் சேவல் பலியிட்டார். இப்படித்தான் பலரும் எழுதுகிறார்கள்.

முதலில் சிதைக் கதை. இதைச் சொன்னவர் கப்பல் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். அவர் நூல் வந்தது 1727இல். சார்னாக் இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின். அதற்கும் வெகு முன்பே, 1682இல், சார்னாக் உயிரோடிருந்தபோது, வங்காளத்தில் கம்பெனியின் தலைவராயிருந்த வில்லியம் ஹெட்ஜஸ் தம் நாட்குறிப்பில் எழுதியது வேறு. கணவனை விட்டு, அவன் பணத்தையும் நகைகளையும் எடுத்துக்கொண்டு வந்த இந்துப் பெண்ணைச் சார்னாக் வைத்திருப்பதாக நவாபிடம் புகார் போனது. கணவன் அப்போது உயிரோடிருந்தான் அல்லது சற்று முன்புதான் இறந்திருந்தான். 12 சிப்பாய்கள் வந்தார்கள். சார்னாக் தப்பிவிட, அவருடைய வக்கீல், அதாவது பிரதிநிதி, இரண்டு மாதம் சிறையில் கிடந்தார். கடைசியில் 3,000 ரூபாயும் துணியும் வாள்களும் கொடுத்து வழக்கை முடித்தார்கள்.

ஹெட்ஜஸ் சார்னாக்குக்கு வேண்டாதவர். அவர் எழுதியதும் பிறர் வாய்க் கேள்விதான். எனவே திருட்டுப் புகாரை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் நவாபின் 12 சிப்பாய்களிடமிருந்தே தப்பியோடிய வியாபாரி, ஊர் கூடிய சுடுகாட்டில் ஆயுதக் காவலோடு புகுந்து ஒரு பெண்ணைத் தூக்கிவந்தார் என்பது எப்படிப் பொருந்தும்?

இரண்டாவது, சாதி. இந்துப் பெண் என்பதற்கு மேல் ஹெட்ஜஸ் சொல்லவில்லை. பிராமணர் என்றும் ராஜபுத்திரர் என்றும் சேர்த்தது பின்னால் வந்தவர்களின் கைவண்ணம். நகை இருந்தது வசதிக்குச் சான்றாகலாம், குலத்துக்கு ஆகாது. பிராமணப் பெண்ணின் நினைவுநாளில் சேவல் பலி என்பதும் ஒன்றையொன்று வெட்டுகிறது.

மூன்றாவது, பெயர். ஹெட்ஜஸும் சரி, ஹாமில்டனும் சரி, அவரைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்துக் கல்லறைக் கல்லில் சார்னாக்கோடு பொறிக்கப்பட்டிருப்பவர் மூத்த மகள் மேரி. மகளின் பெயரே தாயின் மேல் ஏறியிருக்கலாம். பல்லாவரத்திலிருந்து போன அந்தக் கல்லை ஆராய்ந்து, 1893இல் தாமஸ் ஹாலந்து பாறை வகைக்கே ‘சார்னகைட்’ என்று பெயரிட்டார். கணவருக்குக் கல்லிலும் பெயர். மனைவிக்கு அந்தக் கல்வெட்டில்கூட இடமில்லை.

நான்காவது, மதமாற்றம். சார்னாக்கின் மகள்கள் மேரி, எலிசபெத், கேத்தரின் மூவருக்கும் 1689 ஆகஸ்டில் சென்னைக் கோட்டையின் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது. கிறிஸ்தவத்தையே கைவிட்டவர் செய்யும் காரியமா இது?

சதிக் கொடுமை உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதை யாருக்கு உதவுகிறது என்று பாருங்கள். தானே புறப்பட்டு வந்திருக்கக்கூடிய ஒரு பெண்ணை அது கையாலாகாதவராக்குகிறது, வெள்ளைக்காரரை ரட்சகராக்குகிறது. பாட்னாவில் சார்னாக்கோடு வாழ்ந்து, மூன்று மகள்களைப் பெற்ற இந்துப் பெண்: சான்று இவ்வளவுதான் சொல்கிறது. வரலாறு எழுதுவோரும் இவ்வளவோடு நிறுத்தட்டும்.