மாணவர் தாமே மெட்டமைக்கட்டும்

மொழி வகுப்பில் மாணவரைச் சொந்தமாகக் கட்டுரை எழுதச் சொல்கிறோம். இசை வகுப்பிலோ பிறர் அமைத்த மெட்டைப் பிசகாமல் பாடுவதே கல்வி எனக் கருதுகிறோம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை படைப்பாற்றலை வலியுறுத்துகிறது. அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மோகனத்துக்கும் அதனையொத்த இந்துஸ்தானி பூபாலிக்கும் ச, ரி, க, ப, த என ஐந்தே சுரங்கள். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரங்கள். இவ்வெல்லைக்குள் ஓர் ஆவர்த்தனம் எழுதி, பாடியோ வாசித்தோ பார்த்துத் திருத்தச் சொன்னால் போதும். எங்கே நிற்பது, எப்படிச் சட்சத்துக்குத் திரும்புவது என்பதைச் செவியே கற்பிக்கும். கற்பனைசுரம் பாடும் மரபுக்கு இது அந்நியமன்று. குரல்வளம் இல்லையென ஒதுக்கப்படும் குழந்தைக்கும் இசையில் ஓர் இடம் கிடைக்கும். பள்ளி இசைத் தேர்வில் பத்து மதிப்பெண்ணாவது இதற்கு ஒதுக்கப்பட வேண்டும்.