முதலில் ஒட்டுவோம்

போர்ட்டிக்சன் இராணுவ அருங்காட்சியகத்தில் டாங்கிகளைப் பார்த்துவிட்டு வரும் தோட்டத்து மாணவர் சிலர், உண்டியல் காசில் நெகிழி மாதிரி டாங்கி வாங்குவதுண்டு. பெட்டியைத் திறந்ததும் கை தூரிகையைத்தான் தேடும். சற்றுப் பொறுங்கள்!

இதற்கான பசை, நெகிழியின் மேற்பரப்பை இளக்கி இரு பாகங்களையும் ஒன்றாக்குகிறது. இடையில் வண்ணம் இருந்தால் பிடிப்புக் குறையும். சட்டத்திலிருந்து வெட்டாமலே தீட்டினால் பிடித்துக்கொள்ள எளிது என்பர் சிலர். உண்மைதான், ஆனால், வெட்டிய தழும்பு வண்ணமின்றித் தெரியுமே! ஒட்டிய கோட்டை உப்புத்தாளால் தேய்த்தால், தீட்டிய வண்ணமும் போய்விடும். சேமித்த காசு வீணாகலாமா? எனவே, உடற்பகுதியை ஒட்டிய பிறகே வண்ணம் தீட்ட வேண்டும் என்பது என் கருத்து.

சங்கிலிப் பட்டைக்குள் மறையும் சக்கரங்களுக்கு மட்டும் முன்னரே தீட்டலாம். அங்கேயும் ஒட்டும் இடத்தில் தூரிகை படக்கூடாது.