மன்னிப்பும் கடனும்

பாவத்தை மன்னிக்கும் அதிகாரம் கடவுளுக்கே உரியது என்பது கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படை. இதைக் கேட்ட விடுதி நண்பர் ஒருவர், "அப்படியானால் பிழை செய்தவனுக்கு வழி எளிது. கோயிலுக்குப் போனால் கணக்குத் தீர்ந்தது!" என்று நகைத்தார். நான் சினங்கொள்ளவில்லை. அந்த நகைப்புக்கு இடங்கொடுத்தவர்கள் என்னைப் போன்ற கிறிஸ்தவர்களே.

கப்பர்நகூமில் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனிடம், அவன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்றுதான் இயேசு முதலில் கூறினார். கடவுளையன்றி யார் மன்னிக்கக் கூடும் என்று வேதபாரகர் மனத்துக்குள் குமுறினர். இயேசுவோ அவனை எழுந்து நடக்கச் செய்து, அவ்வதிகாரம் தமக்கு உண்டெனக் காட்டினார் என்கிறது மாற்கு சுவிசேஷம். உயிர்த்தெழுந்த பின் அதைச் சீடர்க்கும் அளித்தார் என்கிறது யோவான் சுவிசேஷம். கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனத்துக்கு இதுவே ஆதாரம்.

அதிகாரம் மனிதர் கைக்கு வந்தால் வாணிபமும் பின்தொடரும் போலும்! பாவத்துக்குரிய தண்டனையைக் குறைக்கும் சீட்டுகள் காசுக்கு விற்கப்பட்டதைக் கண்டித்தே 1517இல் மார்ட்டின் லூதர் 95 கருத்துரைகளை எழுதினார்.

காசு கொடுத்து வாங்கும் வழக்கம் ஒழிந்தது. ஆனால் மனிதனுக்குப் பட்ட கடனைக் கடவுளிடம் சொல்லிக் கழிக்கும் வழக்கம் ஒழிந்ததா?

சென்ற பருவத்தில் சோதனைச் சாலையில் ஒரு கண்ணாடிக் கருவியை உடைத்துவிட்டேன். பழி பணியாளர் ஒருவர்மேல் விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை. பின்னர் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மன்னிப்பு வழங்குமுன் அவர் ஒன்று கேட்டார்: "அந்த மனிதரிடம் சொன்னாயா, தம்பி?"

என்னிடம் விடை இல்லை. காணிக்கை செலுத்த வந்தவன், தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் ஒப்புரவாகப் போகவேண்டும் என்று இயேசுவே கற்பித்திருக்கிறார். மன்னிப்புப் பெற்றாலும் இழைத்த தீங்கை இயன்றவரை ஈடுசெய்ய வேண்டும் என்றே 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் சொல்கிறது.

மறுநாள் பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். பணியாளரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவர் இன்றுவரை என்னிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. அது அவர் உரிமை. கடவுள் என்னை மன்னித்தார் என்று நான் நம்புகிறேன்; அதைக் காட்டி அவரையும் மன்னிக்கச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.

நண்பர்களே, தெய்வ மன்னிப்பு உண்மையானது. அது நம்மைத் தீங்குற்றவர் வாசலுக்கு அனுப்ப வேண்டுமேயன்றி, அவ்வாசலைக் கடந்து செல்லும் குறுக்கு வழியாகிவிடக் கூடாது.