‘சென்னையின்’ என்பது எந்த வேற்றுமை?

“அணி அவர்களுடையது, பணமும் அவர்களுடையது, செலவழிப்பதும் இறுக்கிப் பிடிப்பதும் அவர்கள் விருப்பம். நுழைவுச்சீட்டு வாங்கியவனுக்குக் கேள்வி கேட்க என்ன உரிமை?”

சென்னையின் எஃப்.சி. என்னும் கால்பந்து அணியின் தேய்வைப் பற்றி வாய் திறந்த மாத்திரத்தில் நம்மீது வீசப்படும் மறுமொழி இதுதான். இதைச் சொல்பவர் பெரும்பாலும் அணியின் உரிமையாளர் அல்லர். அவருக்காக வழக்காட யாராலும் அமர்த்தப்படாத நம் பக்கத்து இருக்கைக்காரர். உடைமை என்றாலே அது கேள்விக்கு அப்பாற்பட்டது என்று நம்பப் பழகிவிட்ட மனம் அது. அந்த மனத்தோடுதான் நமக்கு வழக்கு.

இலக்கிய இதழ் வாசிக்கும் நண்பர்கள் சிலர், பந்து உதைக்கும் சங்கதிக்கு இங்கென்ன வேலை என்று புருவம் உயர்த்தக்கூடும். ஆனால் ஒன்று மற்றொன்றின் உடைமையாவது எவ்வாறு என்ற வினா நம் இலக்கண நூல்களுக்கு அந்நியமானதன்று. அதற்கு வருமுன் நடந்தவற்றை ஒருமுறை வரிசைப்படுத்திக்கொள்வோம்.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னைக்கான அணியின் உரிமையாளர்களாக முன்னின்றவர்கள் அபிஷேக் பச்சன், விதா தானி, மகேந்திர சிங் தோனி ஆகிய மூவர். இவர்களுள் ஒருவரை இந்நகரம் ‘தல’ என்று அழைக்கிறது. தொடக்க ஆண்டுகளில் பணமும் வந்தது, ஆட்டமும் வந்தது. உலகக் கோப்பை வென்ற இத்தாலி அணியின் மடெராசி பயிற்சியாளராக வந்தார். பிரேசிலின் எலானோ முதல் ஆண்டிலேயே 8 கோல் அடித்து லீக்கின் தலைசிறந்த கோலடிப்பாளர் ஆனார். 2015 டிசம்பரில் பெருவெள்ளம் நகரை மூழ்கடித்தபோது அரையிறுதியின் ‘உள்ளூர்’ ஆட்டத்தைப் புனேயில் ஆட நேர்ந்தது. அங்கே கொல்கத்தாவை 3-0 என வென்றார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில், முடிவுக்குச் சில நிமிடங்களே இருக்கையில் 1-2 எனப் பின்தங்கியிருந்த அணி 3-2 என வென்று கோப்பையை ஏந்தியது. வீடுகளில் சேறு வழித்துக்கொண்டிருந்த நகரத்திற்கு அது வெறும் விளையாட்டுச் செய்தியாக இருக்கவில்லை. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு அணியை அதன் சொந்த அரங்கிலேயே 3-2 என வென்று இரண்டாம் முறை கோப்பை வந்தது. வியாசர்பாடியின் தனபால் கணேஷ் அந்த அணியில் இருந்தார்.

அதன்பின் நிகழ்ந்ததை எண்களே சொல்லும். 2018-19-இல் பத்து அணிகளில் பத்தாம் இடம். 2019-20-இல் இடையில் வந்த ஓவன் கோயல் என்ற பயிற்சியாளர், கடைநிலையில் கிடந்த அணியைத் தூக்கி இறுதியாட்டம் வரை கொண்டுசென்றார். லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். தோற்றாலும் மீண்டும் ஓர் அணி கிடைத்துவிட்டது என்று நாம் மகிழ்ந்திருந்தோம். அடுத்த பருவம் தொடங்குமுன் இருவரும் ஜாம்ஷெட்பூருக்குச் சென்றுவிட்டனர். அடுத்த மூன்று பருவங்களிலும் சென்னைக்குக் கிடைத்தது எட்டாம் இடம், எட்டாம் இடம், மறுபடியும் எட்டாம் இடம். 2023-24-இல் கோயல் திரும்பி வந்து ஆறாம் இடத்திற்கு இழுத்துவந்தார். 2024-25-இல் பதின்மூன்று அணிகளில் பதினோராம் இடம்.

இன்னொரு வரிசையும் உண்டு. 2021-22-இல் லீக் ஷீல்டை வென்றது கோயலின் ஜாம்ஷெட்பூர். 2022 ஜனவரியில் நம்மிடமிருந்து மும்பைக்குச் சென்ற சாங்டே, 2022-23-இல் ஷீல்டை வென்ற அணியின் முதன்மை ஆட்டக்காரர். அவ்வாண்டின் சிறந்த இந்திய வீரர் என்ற விருதும் அவருக்கே. 2016 முதல் நம்மோடு வளர்ந்து அணித்தலைவராகவும் ஆன அனிருத் தாபா 2023-இல் மோகன் பகானுக்குச் சென்றார். 2023-24-இன் ஷீல்டு மோகன் பகானுக்கு. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கலாம். ஒவ்வொருவரும் பணத்திற்காகவே போனார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள், வென்ற அணி ஒவ்வொன்றிலும் சென்னை இழந்த ஒருவர் இருந்தார் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியுமா? இழந்தவர்களின் இடத்தை அவர்களுக்கு நிகரானவர்களால் நிரப்பாமல் பருவத்திற்குப் பருவம் புதிதாகத் தொடங்குவதைச் சிக்கனம் என்று நாம் அழைக்கமாட்டோம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிசெய்தவர்களுக்கு இந்த நடைமுறை புதிதன்று. முதலாளி தொழிலை விட்டுவிடத் தீர்மானித்தால் முதல்நாளே கதவை அடைப்பதில்லை. தேய்ந்த உதிரிபாகத்திற்கு மாற்று வராது; கைதேர்ந்த கடைசல்காரர் வேறு பட்டறைக்குப் போவார், அவர் இடத்தில் பயிலுநர் ஒருவர் நிற்பார்; பெயர்ப்பலகை மட்டும் துடைக்கப்பட்டுக்கொண்டிருக்கும். எந்திரத்தின் ஒலியைக் கேட்டே ‘இது இனி நெடுநாள் ஓடாது’ என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் நிலையங்களில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பெரியமேட்டில் உள்ள நேரு விளையாட்டரங்கிற்கு நடந்துபோகும் கூட்டத்தில் அத்தகையோர் உண்டு. பூந்தமல்லியிலிருந்து வருபவர்கள் நெடுஞ்சாலைப் பேருந்தில் வருவார்கள். இரவு ஒன்பதரை மணிவாக்கில் ஆட்டம் முடிந்தபின் வண்டி பிடித்து, நள்ளிரவை ஒட்டி வீடு சேர்ந்து, மறுநாள் முதல் ஷிப்டுக்குப் போகிறவனைப் பார்த்துத்தான் ‘உனக்கு என்ன உரிமை’ என்று கேட்கப்படுகிறது.

இப்போது இலக்கணத்திற்கு வருவோம். அணிக்குச் ‘சென்னையின்’ என்று பெயர். ஒரு வேற்றுமைத் தொடரின் முற்பாதியையே பெயராகச் சூட்டியிருக்கிறார்கள். சென்னையின் எது என்பதைக் கேட்பவன் நிரப்பிக்கொள்ள வேண்டும். நன்னூல் நோக்கில் ‘இன்’ ஐந்தாம் வேற்றுமை உருபு; நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்பன அதன் பொருள்கள். நீங்கற் பொருளில் கொண்டால், சென்னையை விட்டுப் போனவர்களின் அணி என்றாகிறது. மேற்சொன்ன வரிசையைப் பார்க்கையில் பெயர் வைத்தவர்கள் தீர்க்கதரிசிகளோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

அந்த ‘இன்’னைச் சாரியையாகக் கொண்டு, தொடரை ஆறாம் வேற்றுமையாக வாசிப்பதே அவர்கள் கருதியதும் நாம் ஏற்றதும். ஆறாம் வேற்றுமையின் பொருள் கிழமை. அது இருவகை. சாத்தனது கை என்பது தற்கிழமை: கை சாத்தனிலிருந்து பிரிக்க முடியாத உறுப்பு. முருகனது வேல் என்பது பிறிதின் கிழமை: வேல் வேறு, முருகன் வேறு, இன்று இவர் கையில், நாளை வேறொருவர் கையில். உரிமையாளர்களுக்கு இந்த அணி பிறிதின் கிழமை. வாங்கலாம், விற்கலாம், கணக்கு ஒத்துவராவிட்டால் கைகழுவலாம். சென்னைக்கோ, பெயர் சொல்வதன்படி, அது தற்கிழமை. நகரத்தின் பெயரைச் சட்டையில் அச்சிட்டு, நகரத்தின் அரங்கில் ஆடி, நகரத்தின் பிள்ளைகளைப் பாட்டுப் பாட வைத்தவர்கள், தற்கிழமையின் பற்றை எங்களிடமிருந்து பெற்றுக்கொண்டு, பிறிதின் கிழமையின் பொறுப்பின்மையைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். எங்கள் குற்றச்சாட்டு இவ்வளவே.

எதிர்த்தரப்பின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. இந்தியக் கால்பந்து நட்டத்தில் ஓடும் தொழில். 2010-இல் கையெழுத்தான வணிக உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவடையவிருந்த நிலையில், அவ்வாண்டு ஜூலையில் லீக்கே நிறுத்திவைக்கப்பட்டது; ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளை இடைநிறுத்தியது. சுருக்கப்பட்ட வடிவில் லீக் மீண்டும் தொடங்க 2026 பிப்ரவரி 14 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நெருக்கடிக்கு உரிமையாளர்கள் மட்டும் பொறுப்பல்லர். ஆனால் 2025-இன் நெருக்கடியைக் காட்டி 2020-இன் தயக்கத்தை நியாயப்படுத்த இயலாது. கொட்டிக் கொடுத்தால் கோப்பை வந்துவிடும் என்றும் நாம் வாதிடவில்லை. செலவழிக்க இயலாவிட்டால் இயலவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்கிறோம். ஆண்டுதோறும் ‘புதிய தொடக்கம்’ என்று அறிவித்துப் பருவச்சீட்டு விற்பது வணிகமாக இருக்கலாம், நேர்மையாகாது.

இத்தகைய தயக்கம் எங்கே கொண்டுவிடும் என்பதற்கு உலகில் சான்று உண்டு. அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் 1968 முதல் ஆடிவந்த ‘அத்லெட்டிக்ஸ்’ என்னும் பேஸ்பால் அணியின் உரிமையாளர் ஜான் ஃபிஷர், பெரும் துணிக்கடை நிறுவனமொன்றை நிறுவிய குடும்பத்தின் வாரிசு. ஆனால் 2023-இல் அவர் அணியின் ஊதியச் செலவு அந்த லீக்கிலேயே மிகக் குறைவு. அவ்வாண்டு ஜூன் 13 அன்று 27 ஆயிரத்திற்கும் மேற்பட்ட ரசிகர்கள் அரங்கை நிறைத்து ‘விற்றுவிடு’ என்று முழங்கினர். கூட்டம் வருவதில்லை என்ற சாக்கைப் பொய்யாக்கவே அவர்கள் வந்தார்கள். ஃபிஷர் விற்கவில்லை, 2024-உடன் அணியை ஊரைவிட்டே கொண்டுபோனார். அருகிலே, கேரளத்தில், 2024 டிசம்பரில் ‘மஞ்சப்படை’ ரசிகர்கள் தங்கள் அணி நிர்வாகத்தின் போக்கைக் கண்டித்து, நுழைவுச்சீட்டு விற்றுத்தர மறுத்தார்கள். இன்னும் அருகில், 2018-19-இல் ஐ-லீக் வென்ற சென்னை சிட்டி அணி, 2021-க்குப் பிறகு அந்த லீக்கில் ஆடவே இல்லை. ஓர் அணி இல்லாமல் போவதற்கு இரண்டே ஆண்டுகள் போதும் என்பதைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது.

நாம் கேட்பவை மூன்று. முதலாவது, செலவுக்கு ஒரு கீழ்வரம்பு. 2022 ஐ.பி.எல். ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் 90 கோடி உச்சவரம்பு. அதில் குறைந்தது 67.5 கோடியைச் செலவிட்டே ஆகவேண்டும் என்றும் விதி இருந்தது. கிரிக்கெட்டில் கஞ்சத்தனத்திற்கு எல்லை வகுக்கத் தெரிந்த நாட்டில், கால்பந்துக்கும் அதன் வருவாய்க்கேற்ற எல்லையொன்றை வகுக்க முடியும். இரண்டாவது, ஆண்டுக்கொருமுறை ரசிகர்முன் கணக்கு: எவ்வளவு வந்தது, எவ்வளவு ஆட்டக்காரர்களுக்குப் போனது, எவ்வளவு இளையோர் பயிற்சிக்குப் போனது. ஜெர்மனியில் உறுப்பினர்கள் கையில் பெரும்பான்மை வாக்குரிமை இருக்க வேண்டும் என்பதே விதி; நாம் அதைக்கூடக் கேட்கவில்லை, கணக்கைத்தான் கேட்கிறோம். மூன்றாவது, செலவு இங்கே தொடங்கட்டும். சென்னையில் பிறந்த நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டில் மோகன் பகானுக்கு எதிராகக் கோல் அடித்தபோது கொண்டாடியது கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். நம் பிள்ளைகளைக் கண்டெடுக்க வெளிநாட்டு நட்சத்திரத்தின் ஊதியம் வேண்டியதில்லை. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்க்கத் தெரிந்த ஒருவரும், அவருக்கு மாதச் சம்பளமும் போதும்.

இவற்றில் ஒன்றுக்கும் இசைவில்லையென்றால், இசைவுள்ள ஒருவரிடம் அணியை ஒப்படைத்துவிட்டு விலகுவதே மரியாதை. வேலை வைத்திருப்பவர் அதைத் துருப்பிடிக்க விடலாம், சட்டம் தடுக்காது. ஆனால் துருப்பிடிக்க விட்ட வேலைத் தூக்கிக்கொண்டு முருகன் என்ற பெயரில் உலாவர முடியாது. பெயரில் உள்ள அந்தச் சொல்லுக்குப் பொருள் கொடுங்கள். இல்லையேல் அச்சொல்லை எங்களிடம் திருப்பித் தாருங்கள்.