கரையில் நாம் விட்டுச்செல்வது என்ன?



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்கள் கடற்கரையை நாடிச் செல்வது வழக்கம். நிலாவெளி, பாசிக்குடா, காரைநகர் கசூரினா என்று உல்லாசமாகவும், மார்ச், ஆகஸ்ட் மாதங்களில் தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு யாத்திரையாகவும் செல்கின்றோம். நல்லதே. ஆண்டவர் தம் முதற்சீடரை அழைத்ததும், உயிர்த்தபின் அவர்களுக்குக் காலை உணவை ஆயத்தம் செய்து காத்திருந்ததும் கரையிலன்றோ? ஆயினும் நாம் வீடு திரும்பிய பின்னர் அக்கரை எந்நிலையில் கிடக்கின்றது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

திருவிழா ஒன்றின் மறுநாட் காலையில் கடலோரக் கிராமமொன்றில் நடக்க நேர்ந்தது. சோற்றுப் பொதிகளும் வெற்றுப் போத்தல்களும் மணலெங்கும் சிதறிக் கிடந்தன. அவற்றைச் சுற்றி நாய்களும் காகங்களும். கரைவலை இழுக்க வந்த முதியவர் ஒருவர், “கோயிலுக்கு வாறவை கும்பிட்டிட்டுப் போயினம். குப்பையை நாங்கள்தான் அள்ளுறம்” என்றார். அச்சொல் இன்றும் நெஞ்சைத் தைக்கின்றது.

குப்பை கண்ணுக்கு அருவருப்பானது என்பதோடு விடயம் முடிந்துவிடவில்லை. உலகிலுள்ள ஏழு கடலாமை இனங்களுள் ஐந்து, இலங்கைக் கரைகளுக்கு வந்து முட்டையிடுகின்றன. நாம் எறியும் சோறு தெருநாய்களைக் கரைக்கு இழுக்கின்றது. சோறு தீர்ந்ததும் அவை மணலைத் தோண்டி ஆமை முட்டைகளைத் தின்கின்றன. சட்டம் காக்கும் உயிரை நம் அசட்டை அழிக்கின்றது.

அப்பங்களைப் பலுகச் செய்த ஆண்டவர், மக்கள் உண்டு முடித்ததும், எதுவும் வீணாகாதபடி எஞ்சிய துண்டுகளைச் சேர்க்குமாறு சீடரைப் பணித்தார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. ஐந்து அப்பங்களால் ஐயாயிரம் பேரின் பசியாற்றியவரே மீதியைச் சேர்க்கச் சொன்னாரெனில், கடையில் வாங்கிய பொதியை எறிந்துவிட்டு வர நமக்கு உரிமை ஏது?

வீட்டு நாயையும் உடன் அழைத்துச் செல்வோர் நம்மிடையே உளர். அதிலும் தவறில்லை. தோபித்து நூலில் இளைஞன் தோபியா வானதூதர் இரபேலுடன் புறப்பட்டபோது நாயும் உடன் சென்றது. திரும்பும்போதும் உடன் வந்தது. நாமோ வளர்க்க விரும்பாத குட்டிகளைக் கரையிலே விட்டு வருகின்றோம்! நாயைக் கொண்டு செல்வோர் அதற்கு விசர்நாய்த் தடுப்பூசி ஏற்றி, கயிற்றில் பிடித்துச் செல்லுதல் வேண்டும். கருவாடு காயும் இடத்தில் அது ஓடித்திரிந்தால் ஓர் ஏழைக் குடும்பத்தின் உழைப்பு பாழாகும். அதன் கழிவை அகற்றாவிடின், அதிலுள்ள கொக்கிப்புழு வெறுங்காலுடன் விளையாடும் பிள்ளைகளின் தோலைத் துளைத்து நோய் தரும். 2010 இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட மன்னார் வங்காலைச் சரணாலயம் போன்ற இடங்களில் மாரிகாலத்தில் வலசைப் பறவைகள் தங்குகின்றன. நாய் துரத்த அவை எழுந்து பறப்பது நமக்கு வேடிக்கையாயிருக்கலாம். அவற்றுக்கோ அது, திரும்பிச் செல்லும் நெடும் பயணத்துக்கெனச் சேர்த்த வலுவின் இழப்பு.

‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்பர் நம் முன்னோர். கரை மணலைப் பற்றி நிற்கும் அக்கொடியின் மீது வாகனம் ஓட்டுவோர், ஊரைக் காக்கும் மணல்மேட்டையே குலைக்கின்றனர்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ எனும் திருமடலில் பூமியை நம் பொதுவான இல்லம் என்றார். இல்லத்தைத் துப்புரவாக வைத்திருத்தல் அயலவர் மீதான அன்பின் கடமையே. கரையோர மக்கள் நம் வேலைக்காரர் அல்லர். பேதுருவின் தொழிலைச் செய்யும் நம் சகோதரர்.

எனவே அடுத்த பயணத்துக்குச் செபமாலையுடன் ஒரு வெற்றுப் பையையும் எடுத்துச் செல்வோம். புறப்படுமுன் பிள்ளைகளுடன் சேர்ந்து நம் மீதிகளை அதில் சேர்ப்போம். அதுவும் ஒரு செபமே.

கடலையும் கரையையும் படைத்த ஆண்டவரே, நாங்கள் சென்ற இடமெல்லாம் எங்கள் காலடித் தடம் மட்டுமே எஞ்சியிருக்க அருள்புரியும். ஆமென்.