முட்டை மலிவு! யார் கொடுத்த மலிவு?

நாடு செழிக்கிறது என்று ஏடு விரித்துக் காட்டுகின்றனர் பொருளாதார வல்லுநர்கள். இத்தனை கோடி முட்டை, இத்தனை இலட்சம் டன் இறைச்சி என்று எண்களை அடுக்குகின்றனர். கேட்கக் கேட்கக் காது குளிர்கிறது. ஆனால் தோழர்களே, அந்தப் பேரேட்டைச் சற்று உற்று நோக்குங்கள். வரவு இருக்கிறது, செலவு இருக்கிறது, இலாபம் இருக்கிறது. முட்டையிட்ட உயிர் பட்ட பாட்டுக்கு அதிலே ஒரு வரியேனும் உண்டா? இல்லை. முட்டையை எண்ணிய கை, கோழியின் வேதனையை எழுத மறந்துவிட்டது!

இந்தக் கணக்கு முறையின் குறையை நாம் புதிதாகக் கண்டுபிடித்துக் கூறவில்லை. நாட்டு வருமானத்தை அளக்க வழி வகுத்த சைமன் குஸ்நெட்ஸ் என்ற பேரறிஞரே, 1934-ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரசுக்கு அளித்த அறிக்கையில், இந்த எண்ணைக் கொண்டு ஒரு நாட்டு மக்களின் நல்வாழ்வை அளந்துவிட இயலாது என்று எச்சரித்தார். மக்கள் வாழ்வையே அளக்க மாட்டாத கோல், வாயில்லா உயிரின் வாழ்வையா அளக்கப் போகிறது?

நாமக்கல்லை எடுத்துக்கொள்வோம். வானம் பொய்த்த பூமியிலே, உழைப்பையும் துணிவையும் முதலாக வைத்து, நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை தரும் தொழிலை எழுப்பிக் காட்டினர் அவ்வட்டார மக்கள். அவர்களைத் தூற்றுவது நம் நோக்கமன்று. அவர்களையும் சேர்த்துக் கூண்டிலே அடைத்துவிட்ட பொருளாதாரத்தைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்.

கொட்டகைக்குள்ளே வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம், நீங்கள் விண்ணப்பம் எழுதும் வெள்ளைத் தாளின் பரப்பைவிடக் குறைவு. சிறகை விரிக்க இயலாது. மண்ணைக் கிளற இயலாது; காலடியில் மண்ணே இல்லை, கம்பிதான் இருக்கிறது. ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும் என்று குஞ்சிலேயே அலகின் நுனியை வெட்டிவிடுகின்றனர். காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டையிடும்; இந்தக் கூண்டுக்கோழியோ முந்நூறு அளவுக்கு இடுகிறது. அத்தனை ஓட்டுக்கும் சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வரும்? தீவனத்தில் கிடைப்பது போதாதபோது, தன் எலும்பைக் கரைத்து ஓடு கட்டுகிறது அந்த உடல். ஓடு உறுதியாகிறது, எலும்பு நொறுங்குகிறது. அதன் உடன்பிறந்த சேவற் குஞ்சோ முட்டையிடாது. கறிக்கும் அந்த இனம் கட்டுப்படியாகாது. ஆகவே பொரித்த அன்றே அதன் கதை முடிக்கப்படுகிறது.

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் மூட்டிய கிளர்ச்சியின் பயனாக, 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அசைவதற்குப் போதிய இடமில்லாத கூண்டில் எந்த உயிரையும் அடைப்பது குற்றம் என்று அச்சட்டம் தெளிவாகவே கூறுகிறது. தண்டம்? முதற் குற்றத்துக்குப் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை! 2022-ஆம் ஆண்டு திருத்த வரைவு ஒன்று வெளியிடப்பட்டபோதும், அறுபதாண்டுக்கு முன் எழுதிய அதே ஐம்பதுதான் ஏட்டிலே நின்றது. நாட்டின் சட்ட ஆணையம் 2017-இல் அளித்த 269-ஆவது அறிக்கை, இந்தக் கூண்டுகளின் கொடுமையை எடுத்துரைத்து, விதிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அறிக்கை அறையிலே இருக்கிறது. கோழி கூண்டிலே இருக்கிறது.

"முட்டை மலிவாகக் கிடைக்கிறதே, ஏழையின் வயிற்றில் அடிக்கலாமா?" என்று உருகுகின்றனர் சிலர். உருகட்டும்! மலிவு என்றால் செலவு இல்லை என்று பொருளா? செலவை வேறொருவர் தலையில் ஏற்றிவிட்டோம் என்பதல்லவா பொருள்? யார் தலையில் என்று பார்ப்போம்.

முதலில் கோழியின் தலையில். அடுத்து உழவனின் தலையில். பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளைப் பாருங்கள். குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது. கொட்டகை, மின்சாரம், பகலிரவு உழைப்பு மட்டும் பண்ணையாளருடையவை. அவருக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்ற வளர்ப்புக் கூலி. அக்கூலியை உயர்த்தக் கோரி அவர்கள் எத்தனை முறை வீதிக்கு வந்தனர் என்பதைக் கொங்கு நாடு அறியும். மூன்றாவதாக, நம் பிள்ளைகளின் தலையில். நெருக்கி அடைத்த உயிர்களுக்கு நோய் வராமலிருக்க மருந்தைத் தீவனத்தில் கலந்தனர். வேறெந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசிப் புகலாக இருக்கும் கொலிஸ்டின் கூட அப்படிக் கலக்கப்பட்டது. 2019-இல் அதை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாதென்று மத்திய சர்க்கார் தடை விதிக்க நேர்ந்தது. மலிவு, மலிவு என்றோமே, அதற்கான சீட்டு மருத்துவமனை வாயிலில் நீட்டப்படுகிறது!

இதே வாதத்தை உலகம் முன்பும் கேட்டிருக்கிறது. ஒன்பது வயதுகூட நிரம்பாத சிறாரை நெசவாலையில் வேலைக்கு வைக்கலாகாது என்று 1833-இல் பிரிட்டனில் சட்டம் வந்தபோது, தொழில் அழியும், விலை ஏறும் என்று ஆலை முதலாளிகள் அலறினர். தொழிலும் அழியவில்லை, துணியும் மறையவில்லை. குழந்தையும் கோழியும் ஒன்று என்று நாம் கூறவில்லை. கொடுமைக்குக் காவல் நிற்கும் வாதம் ஒன்றே என்கிறோம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது; அதனிடம் எச்சரிக்கை தேவை. கருணை பேசிக்கொண்டே ஏழைக் குழந்தையின் தட்டிலிருந்து முட்டையைப் பறிப்போர் கூட்டம் அது. மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை தரும் யோசனை 2015-இல் நிராகரிக்கப்பட்டது. கர்நாடகத்தில் 2021-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை தந்தபோது மடாதிபதிகள் சிலர் போர்க்கொடி தூக்கினர். கேட்கிறோம்: கோழியின் கூண்டைத் திறக்கச் சொல்லி இவர்கள் என்றேனும் குரல் எழுப்பினரா? பசித்த பிள்ளையின் வாயை மூடுவதற்கே பயன்படும் கருணை, கருணையன்று, மேல்தட்டின் ஆணவம்.

தமிழ்நாட்டின் வழி வேறு. 1989-இல் இரு வாரத்துக்கு ஒன்றாகச் சத்துணவில் சேர்ந்த முட்டை, 2010-இல் வாரத்துக்கு ஐந்தாயிற்று. அதில் ஒன்றும் குறையலாகாது. அங்கேதான் தோழர்களே, வருங்காலத்தின் திறவுகோல் இருக்கிறது! பல இலட்சம் பிள்ளைகளுக்கு முட்டை வாங்கும் சர்க்கார், இந்நாட்டின் பெரிய வாடிக்கைக்காரர்களில் ஒருவர். அந்த வாடிக்கைக்காரர் ஒப்பந்தப் புள்ளி கோரும்போது முட்டையின் எடையை மட்டுமா கேட்க வேண்டும்? கோழி திரும்ப இடமுண்டா, கிளற மண்ணுண்டா, முட்டையிட மறைவுண்டா என்றும் கேட்கட்டும். கேட்டதற்கேற்ற விலையையும் தரட்டும். நிற்க, படுக்க, திரும்ப, உடலைக் கோதிக்கொள்ள, சிறகும் காலும் நீட்ட உரிமை வேண்டும் என்று 1965-இலேயே பிரிட்டனின் பிராம்பெல் குழு கூறியது. பிராணிகளுக்கு நாம் கேட்கும் சுயராஜ்யம் அவ்வளவே!

செலவு கூடுமா? கூடும். மறைக்கவில்லை. நிலம் கூடுதலாக வேண்டும். ஆள் கூடுதலாக வேண்டும். அந்தச் சுமை பிள்ளையின் தட்டிலும் விழலாகாது. சிறு பண்ணையாளரின் முதுகிலும் விழலாகாது. பொதுப் பணம் அதைத் தாங்கட்டும். கூட்டுறவு வங்கி குறைந்த வட்டிக்குக் கடன் தரட்டும். கொள்முதல் உறுதி பல ஆண்டுக்கு எழுத்தில் இருக்கட்டும். கொல்லையில் நாட்டுக்கோழி வளர்க்கும் பெண்கள் குழுக்களுக்கு அந்தக் கொள்முதலில் ஒரு பங்கு ஒதுக்கட்டும். முட்டை ஓட்டிலே, அது கூண்டு முட்டையா, திறந்தவெளி முட்டையா என்று முத்திரை குத்தட்டும். ஐரோப்பாவில் 2004 முதல் குத்துகின்றனர். நிதிநிலை அறிக்கையோடு கால்நடைகளின் வாழ்நிலை அறிக்கையும் சட்டமன்ற மேசைக்கு வரட்டும்.

நடவாத காரியமா? சுவிட்சர்லாந்து பத்தாண்டு அவகாசம் கொடுத்து, 1992 முதல் கூண்டையே ஒழித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2012 சனவரி முதல் நாளன்று, எவ்வசதியுமற்ற வெறுங்கூண்டைத் தடை செய்தது. சேவற் குஞ்சுகளைக் கொல்வதை ஜெர்மனி 2022 முதல் நிறுத்தியது. அங்கெல்லாம் முட்டை மறைந்துவிடவில்லை. கூண்டுதான் மறைந்து வருகிறது.

குளிரால் நடுங்கியதென்றெண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைக் கொடை வள்ளல் என்று மேடைதோறும் போற்றுகிறோம். பெருமைதான். ஆனால் பேகனின் பெயரைச் சொல்லிக்கொண்டு, சிறகை விரிக்கவும் இடமின்றிக் கோழியை அடைத்து வைத்தால், அந்தப் பெருமை நமக்கு எப்படிப் பொருந்தும்? கோழி போர்வை கேட்கவில்லை. ஒரு சாண் இடம் கேட்கிறது. வாக்குக் கேட்டு வருவோரிடம், சத்துணவு முட்டைக்கான அடுத்த ஒப்பந்தப் புள்ளியில் அந்த ஒரு சாணை எழுதுவீரா என்று கேளுங்கள். வாயில்லா உயிருக்கு வாக்கில்லை. உங்களுக்கு இருக்கிறது!